பதிவேட்டில் ஏறாத கடன்

கண்டக்குழியில் சின்ன வெங்காயம் பிடுங்கி முடிந்த ஒரு மாலையில் நாம் சிலர் கூடியிருந்தோம். உரமும் மருந்தும் இறங்கிக் கிணற்றுத் தண்ணீர் கெட்டு வருவதைப் பற்றிப் பேசத்தான் அந்தக் கூட்டம். ஆனால் பேச்சு அங்கே நிற்கவில்லை. பின்வரிசையில் இருந்த ஒரு தாய் எழுந்து தன் கதையைச் சொன்னார். மகளின் பிரசவச் செலவுக்காகத் தோட்டக்காரர் ஒருவரிடம் முற்பணம் வாங்கியிருந்தார். மூன்று போகம் குடும்பமாகப் புல்லுப் பிடுங்கி, தண்ணீர் இறைத்து, வெங்காயம் கட்டிக் கொடுத்தாயிற்று. ஒவ்வொரு போகமும் கூலியில் பாதியைக் கழித்தார்கள். ஆனாலும் கணக்குப் பார்க்கும்போது கடன் முன்பைவிடக் கூடித்தான் இருந்தது. கணக்குக் கொப்பியோ தோட்டக்காரரின் வீட்டில்.

"தம்பி, முந்தி அடிமை எண்டு ஆக்கள் இருந்தவையாம், பிறகு வெள்ளைக்காரன் சட்டம் போட்டு நிப்பாட்டினவனாம். பிள்ளை பள்ளிக்கூடத்தில படிச்சிட்டு வந்து சொல்லுது. அப்ப நாங்கள் ஆர்?" என்று அவர் கேட்டார்.

அன்று அவருக்கு நாம் சரியான பதில் சொல்லவில்லை. சிலர் சிரித்தார்கள், சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவருக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதப் பார்க்கிறோம். கொஞ்சம் பழைய கதையிலிருந்து தொடங்கவேண்டியிருக்கிறது.

அடிமை என்றவுடன் எமது பிள்ளைகளுக்கு ஆபிரிக்காவும் அமெரிக்காவும்தான் நினைவுக்கு வரும். எம் கரையிலும் அது இருந்தது. ஒல்லாந்தர் காலத்தில், 1694 தொடக்கம் 1696 வரையில், சோழமண்டலக் கரையிலிருந்து தனியார் மட்டும் இலங்கைக்கு இறக்கிய அடிமைகள் 3,800 பேருக்கு மேல். பஞ்சம் வந்தால் பெற்றோர் பிள்ளைகளை விற்பார்கள், கப்பல் காத்துக்கொண்டு நிற்கும். கொழும்பில் கொம்பனித் தெரு என்று நாம் சொல்லும் பகுதிக்கு ஆங்கிலத்தில் அடிமைத் தீவு என்று பொருள்படும் பெயர் வந்ததும், கொம்பனி தன் அடிமைகளை அங்கே அடைத்து வைத்திருந்ததால்தான். கற்பிட்டிக் கோட்டையை 1667இல் கட்டிய ஒல்லாந்தரும் அதே கொம்பனிக்காரர்தான்.

இது வெளியிலிருந்து வந்த அடிமைத்தனம். யாழ்ப்பாணத்தில் இதைவிடப் பழையதும் ஆழமானதுமான ஒன்று ஏற்கெனவே வேரூன்றியிருந்தது. கோவியர், நளவர், பள்ளர் என்ற சாதிகளைச் சேர்ந்த பல குடும்பங்கள் காணிக்காரரின் உடைமையாக எண்ணப்பட்டன. ஒல்லாந்தத் தேசாதிபதி சைமன்ஸ் உத்தரவிட, கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி 1706, 1707ஆம் ஆண்டுகளில் தேசவழமையைத் தொகுத்தார். முதுசம், சீதனம், ஈடு, வாடகை, வட்டி என்று குடும்பச் சொத்தைப் பற்றிய விதிகளோடு ஆண் பெண் அடிமைகளைப் பற்றியும் அதில் ஒரு பகுதி இருந்தது. சொத்துக்குரிய விதிகள் எல்லாம் அடிமைக்கும் பொருந்தின. காணியைப் பங்கு பிரிப்பதுபோல ஒரு மனிதனையும் அரைப்பங்கு, கால்பங்கு என்று பிரித்து இரண்டு மூன்று பேர் வைத்திருக்கலாம். தாய் அடிமையானால் பிள்ளையும் அடிமை. தகப்பன் யாரென்று சட்டம் கேட்கவில்லை.

ஆங்கிலேயர் 1806இல் இந்தத் தேசவழமைக்குச் சட்ட வலுக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டே, 1807இல், இலண்டன் பாராளுமன்றம் அடிமை வியாபாரத்தைத் தடைசெய்தது. ஒரே அரசு, ஒரு கையால் வியாபாரத்தை நிறுத்திக்கொண்டு மறுகையால் வழமையை உறுதிப்படுத்தியது. இதை வெறும் கபடம் என்று தள்ளிவிட எமக்கு மனமில்லை. இலண்டனில் வில்பர்போஸ் போன்றோரின் பல்லாண்டுப் பிரசாரம் அரசை ஒரு பக்கம் தள்ளியது. யாழ்ப்பாணத்திலோ வரி சேர்க்கவும் ஊரை அடக்கி வைத்திருக்கவும் அதே அரசுக்குக் காணிக்காரரின் ஒத்துழைப்பு வேண்டியிருந்தது. சட்டம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நடந்தது. அதனால்தான் அது அவ்வளவு மெதுவாகவும் நடந்தது.

முதல் அடி 1816இல். பிரதம நீதியரசர் சேர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்ரன் அடிமைகளை வைத்திருந்தோரை இணங்கவைத்து, அவ்வாண்டு ஆவணி 12ஆந் திகதிக்குப் பின் பிறக்கும் பிள்ளைகள் சுயாதீனர் என்று எழுதிக் கொடுக்கச் செய்தார். அது ஆங்கில இளவரசரின் பிறந்தநாள். ஒரு பிள்ளைக்குச் சுதந்திரம் கிடைப்பதும் கிடைக்காததும் ஓர் அரச குமாரனின் பிறந்தநாளுக்கு முன்னா பின்னா பிறந்தது என்பதில் தங்கியிருந்தது. அப்படிச் சுயாதீனராகப் பிறந்தவர்களும் ஆணானால் 14 வயது வரை, பெண்ணானால் 12 வயது வரை, சோற்றுக்கும் துணிக்கும் எசமான் வீட்டிலேயே வேலை செய்யவேண்டும் என்று நிபந்தனை இருந்தது.

1818இல் வந்த ஒழுங்குவிதி எம்மைப் போன்றோர் உற்றுப் பார்க்கவேண்டியது. அடிமை வைத்திருப்போர் எல்லோரும் தம் அடிமைகளைக் குறித்த காலத்துக்குள் பதியவேண்டும், பதியாவிட்டால் அந்த அடிமை விடுதலை என்று அது சொன்னது. ஒரு மனிதனைப் பலர் பங்காக வைத்திருக்கும் முறையையும் அது ஒழித்தது. அதுவரை வழமை என்றும் சாதி என்றும் ஊருக்குள் சொல்லால் நின்ற உறவு இப்போது கடதாசிக்கு வந்தது. கடதாசிக்கு வந்தபின் பிழை பிடிக்கலாம், பெயர் இருக்கிறதா இல்லையா என்று கேட்கலாம், நீதிமன்றம் போகலாம். சிலர் போனார்கள். வரலாற்றாசிரியர் நிரா விக்கிரமசிங்க 2020இல் வெளியிட்ட நூலில், இலங்கையின் அடிமைகள் எசமானருக்கு எதிராக நீதிமன்றங்களை நாடிய கதைகளைப் பழைய வழக்கேடுகளிலிருந்து எடுத்துக் காட்டியிருக்கிறார். வெள்ளைக்காரன் சட்டம் போட்டான், அடிமை சும்மா இருந்து வாங்கிக்கொண்டான் என்று பாடப்புத்தகம் தரும் எண்ணம் சரியல்ல என்பது அதிலிருந்து தெரிகிறது.

1821இல் இன்னோர் ஏற்பாடு வந்தது. கோவியர், நளவர், பள்ளர் அடிமைகளுக்குப் பிறக்கும் பெண் குழந்தைகளை அரசே விலை கொடுத்து விடுவிக்கும். கோவியர் பெண் குழந்தைக்கு மூன்று இறைசால், மற்ற இரு சாதியாருக்கும் இரண்டு இறைசால். ஏன் பெண் குழந்தை மட்டும்? தாய் வழியாகத்தான் அடிமைத்தனம் இறங்கியது, ஆகவே பெண் பிள்ளை சுயாதீனமானால் அவள் வயிற்றில் பிறக்கும் எல்லோரும் சுயாதீனர். அரசாங்கத்துக்கு மலிவான வழி. கணக்கு சரிதான். ஆனால் விடுதலைக்கு விலை வைக்கும்போதுகூடச் சாதி பார்த்து ஓர் இறைசால் கூட்டியும் குறைத்தும் வைத்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

1833இல் ஆங்கிலேயப் பாராளுமன்றம் தன் குடியேற்ற நாடுகளில் அடிமைமுறையை ஒழித்தது என்று புத்தகங்களில் படிக்கிறோம். அந்தச் சட்டத்தில் ஒரு பிரிவு கிழக்கிந்தியக் கொம்பனியின் நாடுகளையும், சென் ஹெலினாவையும், இலங்கையையும் விலக்கி வைத்தது. மேற்கிந்தியத் தீவுகள் முதலிய இடங்களில் எசமான்களுக்கு நட்டஈடாக 2 கோடி பவுண் ஒதுக்கினார்கள். விடுதலை பெற்றவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, மேலும் சில ஆண்டுகள் 'பயிலுநர்' என்ற பெயரில் அதே தோட்டத்தில் உழைக்கவேண்டியிருந்தது.

இங்கே 1837ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் மீண்டும் பதிவைக் கட்டாயமாக்கியது. கடைசியில் 1844ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இலங்கையில் அடிமைநிலையை முற்றாக ஒழித்தது. அந்த ஆண்டில் சட்டநிரூபண சபையில் தமிழர் சார்பில் அமர்ந்திருந்தவர் 1807இல் எம் கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி. தமிழ்ப் புலவர்களின் வரலாற்றை எழுதிய அதே பெரியவர்தான். அவரைத் தேசாதிபதி நியமித்தார், யாரும் தெரிவுசெய்யவில்லை. விடுதலையாகப்போகிற மக்களில் ஒருவரும் அந்தச் சபையில் இல்லை, அவர்களிடம் யாரும் கேட்கவுமில்லை. எங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டிருந்தால் அவர்கள் எதைச் சொல்லியிருப்பார்கள் என்பது உழவர் குடும்பங்களான உங்களுக்கு நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

காணிதான். அடிமையாக இருந்தவரின் குடிசை எசமானின் வளவில் நின்றது. கிணறு எசமானுடையது, பனை எசமானுடையது, உழுத வயலும் அவருடையது. 1844க்குப் பின் அவர் சட்டப்படி சுயாதீனர், ஆனால் ஒரு பரப்புக் காணிகூட அந்தச் சட்டம் அவருக்கு எழுதவில்லை. கோபித்துக்கொண்டு போவதென்றால் எங்கே போவது? பழைய வேலையை அதே வளவில், கூலி என்றும் வாரம் என்றும் கடன் என்றும் வேறு பெயர்களில் செய்தார்கள். நூறு ஆண்டுகளுக்குப் பின், தேநீர்க் கடைக்குள்ளும் கோயிலுக்குள்ளும் போகவேண்டும் என்று அவர்களின் பேரப்பிள்ளைகள் எழுந்தபோது, குடியிருந்த வளவை விட்டு எழுப்பிவிடுவோம் என்ற மிரட்டலே முதல் ஆயுதமாக வந்தது.

இவ்விடத்தில் எம் வீட்டுக் குற்றத்தையும் ஒத்துக்கொள்ள வேண்டும். திருச்சபை எப்போதும் அடிமைகளின் பக்கம் நின்றது என்று சொல்ல எமக்கு வாய் வராது. போர்த்துக்கேயர் காலத்தில் கோவாவின் கன்னியர் மடத்திலும் அடிமைகள் வேலை செய்தார்கள். அடிமை வியாபாரத்தைப் பாப்பரசர் பதினாறாம் கிரகோரியார் வெளிப்படையாகக் கண்டித்தது 1839இல்தான்.

மலையகத்தின் கதையைப் பலர் அறிவீர்கள், சுருக்கமாகவே சொல்கிறோம். அடிமைநிலை ஒழிந்த அதே காலத்தில் கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. மன்னார் வழியாகக் காட்டுப் பாதையில் கால்நடையாக வந்தவர்களை யாரும் வாங்கவில்லை. கங்காணியின் முற்பணம்தான் அவர்களைக் கட்டியது. 1865இல் வந்த சேவை ஒப்பந்தச் சட்டத்தின்படி, வேலையை விட்டுப் போகும் தொழிலாளி சிறைக்குப் போகலாம். கடனைத் தீர்த்தால்தான் அடுத்த தோட்டத்துக்குப் போக முடியும் என்பதற்கு அடையாளமாகத் துண்டு என்ற ஒரு கடதாசி இருந்தது. அந்தத் துண்டுமுறை ஒழிய 1921 வரை செல்லவேண்டியிருந்தது. எண்ணிப் பாருங்கள், 1844இலிருந்து 77 ஆண்டுகள். இதே நாட்டில், அடிமை இல்லை என்று சட்டம் எழுதி வைத்திருந்த நாட்டில்.

சட்டம் இருந்தும் எழும்பாமல் கிடப்பதற்கு இன்னொரு சான்று வடக்கில் இருக்கிறது. சிறுபான்மைத் தமிழர் மகாசபை போன்ற அமைப்புகள் பல காலம் கேட்டுப் போராடியதன்பின், 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. சாதியைச் சொல்லிக் கோயிலிலோ கடையிலோ பாடசாலையிலோ ஒருவரைத் தடுப்பது குற்றமாயிற்று. ஆனால் ஒன்பது ஆண்டுகள் கழிந்தபின்னும் யாழ்ப்பாணத் தேநீர்க் கடைகள் பலவற்றில் வேறு கோப்பைதான். 1966 ஒக்ரோபர் 21ஆந் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம் போனவர்களைப் பொலிசார் அடித்தார்கள். அடுத்த ஆண்டு தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கம் உருவாயிற்று. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் மக்கள் உட்கார்ந்தார்கள். அங்கே வழிமறித்து நின்ற முன்னாள் அமைச்சர் சி. சுந்தரலிங்கத்தின்மேல் அந்த 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழேயே வழக்குப் போடப்பட்டது. பெரிய மனிதர் ஒருவரைத் தொட அந்தச் சட்டத்துக்குப் பதினொரு ஆண்டுகள் பிடித்தன. தொடவைத்தவர்கள் வாசலில் அடிபட்டு இருந்த ஏழை மக்கள்.

இனி எம் நிலைமைக்கு வருவோம். கண்டக்குழியிலும் கற்பிட்டிக் குடாநாட்டின் மற்ற ஊர்களிலும் இன்று இருப்போரில் பலர் சொந்தக் காணியை விட்டு வந்தவர்கள். 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து வெளியேற்றிய முஸ்லிம் குடும்பங்களும், போரின் பல கட்டங்களில் மன்னாரிலிருந்தும் அதற்கப்பாலிருந்தும் வந்த தமிழ்க் குடும்பங்களும் இதில் அடங்கும். அங்கே வயலும் தோட்டமும் வைத்து நாலு பேருக்கு வேலை கொடுத்தவர்கள், இங்கே மற்றவர் மணலில் நாட்கூலிக்கு நின்றார்கள். இருக்க இடம் கொடுத்த இந்த ஊர் மக்களை நாம் குறை சொல்லவில்லை. அவர்களும் கிணற்றையும் பாடசாலையையும் எம்மோடு பங்கிட்டுக்கொண்டவர்கள். ஆனால் காணி இல்லாதவனுக்குக் கடன் எப்படி வரும், யாரிடமிருந்து வரும், என்ன நிபந்தனையில் வரும் என்பது 1844இல் இருந்தது போலவேதான் இருக்கிறது.

அந்தத் தாய் கேட்டதற்கு எம் பதில் இது. அம்மா, நீங்கள் அடிமை இல்லை. உங்களை விற்க முடியாது, உங்கள் மகளின் குழந்தை யாருக்கும் உடைமை இல்லை. பழைய மக்கள் பட்டதை இதோடு ஒன்றாக்கினால் அவர்களின் துன்பத்தைச் சிறுமைப்படுத்துவோம். ஆனால் உங்களுக்கு நடப்பதற்குச் சட்டத்தில் பெயர் இருக்கிறது. வாங்கிய கடனுக்குப் பிணையாக ஒருவர் தன் உழைப்பையோ தன் வீட்டாரின் உழைப்பையோ கொடுத்து, அந்த உழைப்பின் நியாயமான பெறுமதி கடனில் கழிக்கப்படாவிட்டால், அல்லது எவ்வளவு காலம் எந்த வேலை என்று எல்லை வைக்கப்படாவிட்டால், அது கடன் கொத்தடிமை. 1956ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை சொல்லும் பொருள் இதுதான். இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தம் இதைச் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியிருக்கிறது. இந்தியாவில் 1976இலேயே கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. முற்பணம் வாங்குவது குற்றமில்லை, கொடுப்பதும் குற்றமில்லை. கணக்கு முடியாமல் வைத்திருப்பதில்தான் விஷயம் இருக்கிறது.

சட்டம் வந்தும் எமக்கு எட்டாமல் போனதற்கு அண்மைய உதாரணம் ஒன்றையும் சொல்லத்தான் வேண்டும். பிறர் காணியை ஒருவர் பத்து ஆண்டுகள் தடையின்றி எதிராட்சியாக வைத்திருந்தால், அவர் அதற்கு உரிமை கோரலாம் என்பது 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டம். போரால் துரத்தப்பட்டவன் அந்தப் பத்து ஆண்டுகளுக்குள் எப்படித் திரும்பிப்போய் வழக்குப் போடுவான்? இதைக் கருதி 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் எடுக்காமல் விட வழிசெய்தது. ஆனால் அந்தச் சலுகையைக் கேட்டு வழக்குப் போட இரண்டு ஆண்டுகள்தான் தந்தது. எம்மோடு பேசிய குடும்பங்களில் பல, அப்படி ஒரு கதவு திறந்ததையே அது மூடியபின்தான் கேள்விப்பட்டன. 1818இல் பதிவுக்கு நாள் குறித்தபோது அந்த நாள் எசமானை நெருக்கியது. 2016இல் குறித்த நாள் காணியை இழந்தவனை நெருக்கியது. நாள் யாரை நெருக்கவேண்டும் என்று தீர்மானிக்கும் இடத்தில் எம்மவர் ஒருவரும் இருக்கவில்லை. இதைப் பிரதேச சபைத் தேர்தல் என்றாலும் பாராளுமன்றத் தேர்தல் என்றாலும், வாக்குக் கேட்டு வருவோரிடம் நாம் கேட்கவேண்டும். தண்ணீர்த் தாங்கியையும் தெருவிளக்கையும் கேட்பதோடு நின்றுவிடுகிறோம். அந்தக் காலத்தை மறுபடி நீடித்துத் தரும் சட்டத்துக்குக் கை தூக்குவீர்களா என்றும் கேட்கலாம்.

கடன் விஷயத்தில் தேர்தல் வரை காத்திருக்கத் தேவையில்லை. போன மாதக் கூட்டத்தில் ஒன்றைத் தீர்மானித்தோம். முற்பணம் வாங்கும் ஒவ்வொரு வீடும் தனக்கென்று ஒரு கொப்பி வைத்திருப்பது. வாங்கிய திகதி, தொகை, அன்றைய நாட்கூலி, வேலைக்குப் போனவர்கள் எத்தனை பேர், எத்தனை நாள், எவ்வளவு கழிக்கப்பட்டது என்று எழுதுவது. கிழமைக்கு ஒருமுறை தோட்டக்காரரின் கொப்பியோடு ஒத்துப் பார்க்கக் கேட்பது. ஒருவர் தனியே போய்க் கேட்டால் அடுத்த நாள் வேலை இல்லை என்று சொல்லிவிடுவார்கள். ஆகவே ஒரே தோட்டத்தில் வேலை செய்யும் வீடுகள் சேர்ந்து போவது. ஒத்துப் பார்க்க மறுத்தால் சங்கத்தின் மூலம் கிராம உத்தியோகத்தரிடமும் தொழில் திணைக்களத்திடமும் எழுத்தில் கொடுப்பது. தோட்டக்காரர்களில் இருவர் இதைக் கேட்டு, தமக்கும் தலையிடி குறையும் என்று சொல்லியிருக்கிறார்கள். மற்றவர்கள் என்ன சொல்வார்கள் என்பது அடுத்த போகத்தில் தெரியும்.

அந்தத் தாய்க்கு எழுதத் தெரியாது. பேத்தியின் பள்ளிக்கூடக் கொப்பியின் கடைசிப் பக்கங்களைக் கிழித்துத் தைத்துக்கொண்டு வந்தார். மூன்று போகக் கணக்கையும் அவர் நினைவிலிருந்து சொல்லச் சொல்ல, பேத்தி எழுதினாள். எழுதி முடிய இரவு ஒன்பது மணியாயிற்று. கூட்டிப் பார்த்தபோது கடன் இரண்டாம் போகத்தின் நடுவிலேயே தீர்ந்திருந்தது.